ஆஸ்திரேலியாவின் வட முனையில் காரவன் பயணம்: அருவி, மடு, மலையிடுக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்பர்ன், சிட்னி பக்கம் இருக்கும் நம்மவர்கள் ஜூன் விடுமுறைக்கு முன்னால் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கின்றன. டார்வின், லிட்ச்ஃபீல்ட், கேத்தரின், மட்டரங்கா, காக்கடு ஆகிய இடங்களைக் காரவனில் (காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகும் சக்கர வீடு) சுற்றுவது பற்றி எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்த மாதத்தில் போவது?

இங்கே கோடை, குளிர்காலம் என்ற கணக்கு உதவாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம், மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். குடும்பத்தோடு போக ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நல்லது. டார்வினில் பகலில் 30 டிகிரியை ஒட்டி இருக்கும், ஈரப்பதம் குறைவு. கேத்தரின் பக்கம் ஜூலை இரவில் நன்றாகவே குளிரும். வெப்ப மண்டலம் என்று நம்பி ஒரு போர்வைகூட இல்லாமல் வருகிறவர்கள் விடியற்காலையில் நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அருவி ஆர்ப்பரித்துக் கொட்டுவதைப் பார்க்க மழைக்காலம்தான் சரி. ஆனால் அப்போது சாலை மூடியிருக்கும், அல்லது தடாகத்தில் இறங்கத் தடை இருக்கும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் தண்ணீர் நிறைய இருக்கும், கூட்டம் இருக்காது, ஆனால் பாதி இடங்கள் இன்னும் திறந்திருக்காது. அக்டோபரில் போவதைத் தவிர்த்துவிடுங்கள். மழை வருவது போலவே வானம் கறுத்துக்கொண்டு நிற்கும், ஆனால் பெய்யாது. புழுக்கம் உயிரை எடுக்கும்.

எந்த வழியில் போகலாம்? எத்தனை நாள் வேண்டும்?

டார்வினிலிருந்து தெற்கே 100 கிலோமீட்டர் வந்தால் பாச்சலர் என்ற சிற்றூர். லிட்ச்ஃபீல்ட் தேசியப் பூங்காவுக்கு அதுதான் வாசல். அங்கிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் இன்னும் தெற்கே போனால் கேத்தரின். டார்வினிலிருந்து கேத்தரினுக்கு ஏறக்குறைய 320 கிலோமீட்டர். அதற்கும் கீழே 100 கிலோமீட்டர் சொச்சத்தில் மட்டரங்கா. திரும்பி வரும்போது பைன் கிரீக்கில் வலது பக்கம் திரும்பினால் காக்கடு தேசியப் பூங்கா வழியாக டார்வினுக்குப் போய்ச் சேரலாம். முழு வட்டமும் தார்ச்சாலை.

இரண்டு வாரம் இருந்தால் நிம்மதியாக முடிக்கலாம். பத்து நாள்தான் என்றால் மட்டரங்காவையோ காக்கடுவையோ விட்டுவிடுங்கள். காரவனை தினமும் கோத்து, தினமும் அவிழ்த்துப் போகிற பயணத்தில் பாதி நாள் அதிலேயே கரைந்துவிடும். பாச்சலர், கேத்தரின், காக்கடுவில் ஜாபிரு அல்லது கூயிண்டா என்று மூன்று இடத்தில் காரவனை நிறுத்திவிட்டு, அங்கிருந்து காரை மட்டும் எடுத்துக்கொண்டு அருவிகளுக்குப் போய்வருவதுதான் உகந்த முறை. அருவிகளின் வாகன நிறுத்தங்கள் காரவனோடு வருகிறவர்களுக்காகப் போட்டவை அல்ல. ஜூலையில் காலை பத்து மணிக்கு மேல் லிட்ச்ஃபீல்டின் ஃபுளோரன்ஸ் அருவி நிறுத்தத்தில் காருக்கே இடம் தேட வேண்டும்.

சொந்தக் காரவனை மெல்பர்னிலிருந்தே இழுத்து வரலாமா?

அடிலெய்டு வழியாக வந்தால் ஒரு பக்கம் மட்டும் 3,700 கிலோமீட்டருக்கு மேல். நீண்ட விடுப்பு எடுத்தவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் அது தனி இன்பம். மூன்று வார விடுப்புக்காரர்கள் டார்வினுக்குப் பறந்து வந்து, மோட்டார் ஹோமோ காரவனோ வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். மண் சாலையில் ஓட்டினாலோ இருட்டிய பிறகு ஓட்டினாலோ காப்பீடு செல்லாது என்ற வரி பெரும்பாலும் உள்ளே இருக்கும். வண்டியும் வீடும் ஒன்றாகவே இருக்கும் மோட்டார் ஹோமில் ஒரு சிக்கல் உண்டு. நிறுத்திவிட்டுக் காரில் போக முடியாது, வீட்டையே கூட்டிக்கொண்டு அருவிக்குப் போக வேண்டும்.

முதலை இருக்கிற ஊரில் தண்ணீரில் இறங்குவதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்க வேண்டியதும் இதுதான்.

இரண்டு வகை முதலைகள் இருக்கின்றன. நன்னீர் முதலைக்கு மூக்கு ஒடுங்கி நீண்டிருக்கும். மூன்று மீட்டருக்குள்தான் வளரும். சீண்டினால் கடிக்கும், மற்றபடி நம்மைக் கண்டால் ஒதுங்கிப் போகும். உப்புநீர் முதலை வேறு சாதி. அகன்ற தாடை, ஆறு மீட்டர் வரை வளரும், மனிதனையும் இரையாகத்தான் பார்க்கும். பெயரில் உப்பு இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். கடலிலிருந்து வெகு தூரம் உள்ளே, நன்னீர் ஆறுகளிலும் குட்டைகளிலும் அது தாராளமாக வாழும். தோலுக்காக வேட்டையாடியதில், டார்வினைத் தலைநகராகக் கொண்ட நார்தர்ன் டெரிட்டரியில் ஏறக்குறைய 3,000-ஆகக் குறைந்துபோயிருந்தது. 1971-இல் வேட்டைக்குத் தடை வந்த பிறகு பெருகிப் பெருகி இப்போது ஒரு லட்சத்தைத் தொட்டிருக்கிறது.

மழைக்காலத்தில் ஆறுகள் கரை புரண்டு ஓடும்போது, இந்தப் பெரிய முதலைகள் வெள்ளத்தோடு மேலே ஏறி, அருவித் தடாகம் வரை வந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் வனக்காவலர்கள் ஒவ்வொரு தடாகமாக இரவில் விளக்கடித்துத் தேடுவார்கள், கூண்டு வைப்பார்கள். இல்லை என்று திருப்தி வந்த பிறகுதான் குளிக்கத் திறந்துவிடுவார்கள். அதனால்தான் ஒரே அருவி ஒரு வருடம் மே மாதத்திலும் அடுத்த வருடம் ஜூலையிலும் திறக்கிறது. திறந்த பிறகும் உத்தரவாதம் என்று எதுவும் இல்லை. 2023 ஜூலையில், சுற்றுலா உச்சத்தில், லிட்ச்ஃபீல்டின் வாங்கை அருவியில் குளித்துக்கொண்டிருந்த ஒருவரை முதலை கடித்தது. அவர் பிழைத்துக்கொண்டார். பிறகு 2.4 மீட்டர் உப்புநீர் முதலை ஒன்றை அங்கிருந்து அகற்றினார்கள்.

ஆகவே நுழைவாயிலில் இருக்கும் பலகை சொல்வதுதான் சட்டம். நேற்று நண்பர் குளித்தார், போன வாரம் யாரோ படம் போட்டிருந்தார்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. பலகையே இல்லாத ஓடை, ஏரி, ஆற்றங்கரை என்றால் இறங்கவே கூடாது. பலகை இல்லை என்றால் முதலை இல்லை என்று அர்த்தம் இல்லை, யாரும் தேடிப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். கூடாரம் அடிப்பதானால் நீர்க்கரையிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி. மீன் கழுவிய குப்பை, சாப்பாட்டு மிச்சம் எதையும் கரையில் போடாதீர்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தண்ணீர் மொள்ளப் போகாதீர்கள். அது கவனித்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லிவிடுகிறேன். திறந்திருக்கும் இடங்களில் நான் பயமில்லாமல் குளிக்கிறேன். காலையில் எழுந்ததும் பூங்காவின் இணையதளத்தில் எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அன்றைய திட்டத்தைப் போடுவது வழக்கம். முதல் நாளே எழுதி வைத்த பட்டியலைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் இந்தப் பயணம் எரிச்சலாகத்தான் முடியும்.

லிட்ச்ஃபீல்டில் எந்த அருவி?

ஆகஸ்டில்கூட இங்கே அருவி வற்றாது. மேலே இருக்கும் மணற்பாறை மேட்டுநிலம் மழைக்காலத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வருடம் முழுக்க ஊற்றாக விடுகிறது.

பூலி ராக்ஹோல் அருவியே இல்லை. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து இறங்கும் சின்னச் சின்னக் கல்தொட்டிகள். சிலது இடுப்பளவு, சிலது ஆளை மூழ்கடிக்கும் ஆழம். காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள். வெயில் மரங்களுக்குப் பின்னால் இருக்கும். கல்லின் விளிம்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் மேல் தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர் தோளில் விழுந்து கழுத்துப் பிடிப்பை எடுத்துவிடும். கால் விரல்களைச் சின்ன மீன்கள் வந்து கொத்திப் பார்க்கும். பத்து மணிக்கு டார்வின் கூட்டம் ஐஸ் பெட்டியும் பாட்டுப் பெட்டியுமாக வந்து இறங்கிவிடும். அப்போது நீங்கள் கிளம்பிவிடலாம்.

பூலியிலிருந்து ஓடையை ஒட்டியே நடந்து ஃபுளோரன்ஸ் அருவிக்கு வந்துவிடலாம். காரில் வந்தால் நூற்றுச் சொச்சம் படி இறங்க வேண்டும், பிறகு ஏறவும் வேண்டும். கீழே, காட்டு நடுவில், இரட்டை அருவி விழும் பச்சைத் தடாகம். ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எனக்கு இதுதான்.

வாங்கை அருவிதான் பெரியது. வழி சமதளம், முதியவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் ஏற்றது, பக்கத்திலேயே உணவகம். ஆனால் மூடப்படும் வாய்ப்பு அதிகம் உள்ளதும் அதுதான். டோல்மரில் குளிக்க முடியாது. அருவிக்குப் பின்னால் உள்ள குகைகளில் அரிய வகை வௌவால்கள் குடியிருக்கின்றன, அதனால் மேலே உள்ள மேடையிலிருந்து பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

போகிற வழியில் கரையான் புற்றுகளைத் தவறவிடாதீர்கள். புல்வெளி முழுக்க, மெல்லிய பலகை போன்ற புற்றுகள் எல்லாம் வடக்கு தெற்காகவே நிற்கும். நடுப்பகல் வெயில் விளிம்பில் மட்டும் படும், காலையும் மாலையும் அகன்ற பக்கத்தில் படும். உள்ளே சூட்டை அளவாக வைக்கக் கரையான் கண்ட வழி.

நீச்சல் தெரியாது. ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்திருக்கிறார்கள். பரவாயில்லையா?

நமக்கு அருவி என்றால் குற்றாலம். அடியில் நின்று தலையைக் காட்டுவது. இங்கே அருவியின் அடிக்குப் போகவே ஆழமான தடாகத்தை நீந்திக் கடக்க வேண்டும். பாதுகாப்புக்கு யாரும் நிற்பதில்லை. நீச்சல் தெரியாதவர்கள் பூலியின் ஆழமில்லாத தொட்டிகளிலும் மட்டரங்காவிலும் இறங்கலாம். குழந்தைகளுக்கு மிதவைச் சட்டை கட்டாயம். பாறையிலிருந்து குதிப்பது வேண்டவே வேண்டாம். நீர்மட்டம் வாரத்துக்கு வாரம் இறங்கும், போன மாதம் ஆழமாக இருந்த இடத்தில் இன்று பாறை தலைக்கு அருகில் இருக்கும். ஈரப்பாறையில் புடவையும் வழுக்கும் செருப்பும் ஆபத்து. அம்மாவுக்குப் பிடிமானம் உள்ள ரப்பர் காலணி ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கேத்தரின் இடுக்கில் படகா, கனூவா?

கேத்தரின் இடுக்கு இருக்கும் நிட்மிலுக் தேசியப் பூங்கா ஜாவொயின் பழங்குடி மக்களின் நிலம். 1989-இல் நில உரிமை அவர்களிடமே திரும்பியது. அரசோடு சேர்ந்து இப்போது அவர்கள்தான் நிர்வகிக்கிறார்கள். ஊரிலிருந்து 30 கிலோமீட்டரில் படகுத்துறை.

மணற்பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விழுந்த விரிசல்களைப் பிடித்துக்கொண்டு ஆறு அறுத்திருக்கிறது. அதனால்தான் வளைந்து போகாமல் திடீர் திடீரென்று செங்குத்தாகத் திரும்புகிறது. வறண்ட காலத்தில் நீர் இறங்கும்போது இடையில் பாறைத் தடுப்புகள் தலைகாட்டி, ஒரே ஆறு 13 துண்டு இடுக்குகளாகப் பிரிந்துவிடும். படகில் போனால் ஒரு துண்டின் முடிவில் இறங்கி, பாறையில் நடந்து, அடுத்த படகில் ஏற வேண்டும். அந்த நடையில் பழைய பாறை ஓவியங்களைப் பார்க்கலாம்.

பெரியவர்களோடு வந்தால் படகு. இருவராக, உடல் தெம்போடு வந்தால் நாமே துடுப்பு போட்டுப் போகும் சின்னப் படகான கனூ. பாறைத் தடுப்பு வரும் இடத்தில் கனூவைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பிற்பகலில் எதிர்க்காற்று அடித்தால் துடுப்பு போட்டுக் கை ஓய்ந்துவிடும். முடிந்தால் காலை நேரத்துக்கே பதிவு செய்யுங்கள். மணல் திட்டுகளில் நன்னீர் முதலைகள் முட்டையிடும், தடைப் பலகை உள்ள திட்டில் கரை ஏறக் கூடாது.

இந்த அமைதியான ஆறுதான் 1998 ஜனவரியில் 20 மீட்டருக்கு மேல் உயர்ந்து கேத்தரின் ஊரையே மூழ்கடித்தது.

ஈடித் அருவிக்குக் காரவனோடு போகலாமா?

போகலாம். ஜாவொயின் பெயர் லெலின். கேத்தரினுக்கு வடக்கே 40 கிலோமீட்டரில் பிரிந்து 20 கிலோமீட்டர் தார்ச்சாலை. முகாமில் மின் இணைப்பு இல்லை. கீழே உள்ள பெரிய தடாகம் முகாமுக்கு நாலெட்டு தூரம்தான். ஆனால் 2.6 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் ஏறி மேல் தடாகத்துக்குப் போங்கள். ஏற்றம் மூச்சு வாங்கும், வெயிலுக்கு முன்னால் கிளம்புங்கள்.

மட்டரங்கா வெந்நீர் ஊற்று அவ்வளவு தூரம் போகும் அளவுக்கு மதிப்புள்ளதா?

எனக்கு ஆம். எரிமலைச் சூடு இல்லை, கந்தக வாடை அவ்வளவாக இல்லை. நிலத்தடியில் வெகு காலம் தங்கிய நீர் 34 டிகிரியில் தெளிவாக மேலே வருகிறது. இரண்டு இடங்கள். மட்டரங்கா தெர்மல் பூலில் பனை மரங்களுக்கு நடுவே கரை கட்டி வைத்திருக்கிறார்கள். பிட்டர் ஸ்பிரிங்ஸ் இயற்கையாகவே விடப்பட்ட ஓடை. நீச்சல் குளத்தில் வைத்து மிதக்கும் நுரைக் குழாய் ஒன்றைக் கைக்கு அடியில் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தால், ஓட்டம் தானே கொண்டுபோகும். படிக்கட்டில் ஏறி, நடந்து வந்து, மறுபடி இறங்கலாம். சில பருவங்களில் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் வந்து மரத்தில் தொங்கும். அப்போது நாற்றம் தாங்காது.

காக்கடுவில் ஜிம் ஜிம் அருவியைப் பார்த்தே ஆக வேண்டுமா?

காரவனை இழுத்துக்கொண்டு போகவே முடியாது. கடைசிப் பகுதி மணலும் தண்ணீரும், உயரமான ஃபோர் வீல் டிரைவ் வேண்டும். பிறகு பாறைகள் மேல் ஏறி நடக்க வேண்டும். பாதை பெரும்பாலும் ஜூன் வாக்கில்தான் திறக்கும். அதற்குள் அருவி மெலிந்து, சில வருடம் ஆகஸ்டில் ஈரக்கோடாகிவிடும். முழு ஜிம் ஜிம்மைப் பார்க்க மழைக்காலத்தில் சின்ன விமானத்தில் மேலே பறப்பதுதான் வழி. மாகுக் அருவி அதைவிடக் கொஞ்சம் எளிது, அதற்கும் மண் சாலைதான். படங்களில் பார்த்த குன்லோம் மேல் தடாகத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். புனித இடம் தொடர்பான பிரச்சினையில் 2019-இல் மூடப்பட்டது. இப்போதைய நிலையைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் காக்கடுவைக் குளிக்கும் இடமாகவே நினைக்க வேண்டாம். ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. கூயிண்டாவில் விடியற்காலைப் படகில் ஏறி யெல்லோ வாட்டர் நீர்நிலையைப் பாருங்கள். உபிர் பாறை ஓவியங்களைச் சாயங்காலம் பாருங்கள். குளியலை லிட்ச்ஃபீல்டிலும் லெலினிலும் முடித்துக்கொள்ளுங்கள்.

காரவனில் முதல்முறை. எதில் கவனம்?

எடையில். காரவன் தகட்டில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடையில் தண்ணீர், கேஸ், அரிசி மூட்டை எல்லாம் அடக்கம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு தொட்டியும் நிறைந்தால் 200 கிலோவை ஒட்டி வரும். கனமான சாமான்களைச் சக்கர அச்சுக்கு மேலே, தாழ்வாக வையுங்கள். பின்னால் வைத்தால் வண்டி வால் ஆட்டும்.

மின் இணைப்புக்கு 15 ஆம்பியர் கம்பி வேண்டும். வீட்டில் இருக்கும் 10 ஆம்பியர் நீட்டிப்புக் கம்பி ஒத்துவராது. கழிப்பறைப் பெட்டியை அதற்கென உள்ள இடத்தில் மட்டும் கொட்டுங்கள்.

நெடுஞ்சாலையில் அந்த நீண்ட லாரிகளை எப்படிச் சமாளிப்பது?

ரோடு டிரெயின் 53.5 மீட்டர் வரை இருக்கும். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் சில பகுதிகளில் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி. காரவன் இழுக்கிற நமக்கு அது ஒத்துவராது, 90 போதும். அவர்கள் நம்மைத் தாண்டும்போது இடது ஓரமாக, அதே வேகத்தில், நேராகப் போங்கள். பயந்து பிரேக் அடிக்காதீர்கள். கடக்கும்போது காற்று முதலில் தள்ளும், அப்புறம் இழுக்கும். பேசவும் கேட்கவும் உதவும் இருவழி வானொலிக் கருவி (UHF) இருந்தால் 40-ஆம் அலைவரிசையில் ஓட்டுநர்கள் பேசுவார்கள். இருட்டுவதற்குள் நிறுத்திவிடுங்கள். கங்காரு, காட்டெருமை, மாடு எல்லாம் சாலையில்தான்.

சாப்பாடு?

கேத்தரினில் பெரிய கடைகள் உண்டு. பருப்பு, மசாலா, கறிவேப்பிலை எல்லாம் டார்வினிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தோசை மாவைப் பாதிப் பாத்திரத்துக்கு மேல் ஊற்றி வைக்காதீர்கள். இந்த வெப்பத்தில் ஒரு சாயங்காலத்திலேயே பொங்கி மூடியைத் தள்ளிவிடும். பொங்கியதும் ஃபிரிட்ஜுக்குள். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் காரவன் சமமாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் குளிராது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது?

டார்வின் பக்கத்து மண்ணிலும் சேற்றிலும் மெலியோய்டோசிஸ் நோயைத் தரும் கிருமி உண்டு. மழைக்காலத்தில் அதிகம். சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து கூடுதல். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், காலில் புண் இருந்தால் நீர் புகாத கட்டுப் போட்டு மூடுங்கள். பயணத்துக்குப் பிறகு காய்ச்சலும் இருமலும் வந்தால் இங்கே போயிருந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டார்வினில் கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். அக்டோபரிலிருந்து மே வரை பெட்டி ஜெல்லிமீன், வருடம் முழுக்க முதலை.

அனுமதிச் சீட்டு?

வெளிமாநிலத்தவர் லிட்ச்ஃபீல்டுக்கும் நிட்மிலுக்குக்கும் நார்தர்ன் டெரிட்டரி பூங்காச் சீட்டை இணையத்தில் வாங்க வேண்டும். காக்கடு மத்திய அரசின் கீழ் வருவதால் அதற்குத் தனிச் சீட்டு. முகாம் இடத்தையும் முன்பதிவு செய்யுங்கள். பள்ளி விடுமுறையில் கடைசி நேரத்தில் கிடைக்காது.

கேத்தரினிலிருந்து அப்படியே கிம்பர்லிக்குப் போய்விடலாமா?

கிம்பர்லி மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதி. அதன் கிழக்கு வாசலான குனுனுரா கேத்தரினிலிருந்து ஏறக்குறைய 510 கிலோமீட்டர். சாலை நல்ல தார்ச்சாலை, காரவனோடு தாராளமாகப் போகலாம். கிம்பர்லிக்குள் போகும் கிப் ரிவர் சாலை வேறு விஷயம். 660 கிலோமீட்டர், பெரும்பகுதி கரடுமுரடான மண். சாதாரணக் காரவன் திருகு கழன்று திரும்பும். அதைக் குனுனுராவிலேயே நிறுத்திவிட்டுக் கூடாரத்தோடு போங்கள்.

மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் காரவனைத் திறந்து சோதிப்பார்கள். பழம், காய்கறி, தேன், செடி எதையும் உள்ளே விட மாட்டார்கள், கறிவேப்பிலைக் கொத்துக்கும் அதே கதிதான். முந்தின இரவு தங்கும் இடத்திலேயே மிச்சக் காய்கறியை எல்லாம் சாம்பாரில் போட்டுவிடுங்கள்.